சிறந்த பாயிண்ட் கார்ட் யார்? பட்டியல் போடப் புதிதாக இறங்குபவர்களுக்கு

காரைக்குடியில் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் கிரிக்கெட் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேற மாட்டார்கள். ஆனால், ஆட்டத்தை நடத்திக்கொடுக்கும் பாயிண்ட் கார்டுகளில் யார் சிறந்தவர் என்ற சண்டைக்குக் குறைவே இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு சிமென்ட் கோர்ட்டில் ஆடிவிட்டு, செக்காலை ரோட்டில் டீக்கு நிற்கும்போது ஒருவர் “ஸ்டீஃபன் கரிதான்டா நம்பர் ஒன்” என்பார். இன்னொருவர் “மேஜிக் ஜான்சன் ஆடினதப் பார்த்திருக்கியா நீ?” என்று எகிறுவார். டீ ஆறிப்போகும், முடிவு மட்டும் வராது. ஒருவர் மூன்று பாயிண்ட் ஷாட்டை வைத்துப் பேசுகிறார், மற்றவர் பாஸை வைத்துப் பேசுகிறார். கேள்வியே வேறு வேறு என்றால் பதில் எங்கே ஒன்றாகும்?

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ பார்க்கப் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் தாங்களே ஒரு பட்டியல் போட இந்த முறை உதவும். என்னுடைய வரிசையும் இடையில் வரும். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீள நோட்டு இருந்தால் போதும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போன நம் ஊர்ப் பெரியவர்கள் பேரேடு எழுதியது போல, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம், அதில் வரவு ஒரு புறம், பற்று ஒரு புறம். ரசிகர்கள் போடும் பட்டியல்களில் பெரும்பாலும் பற்றுப் பக்கமே இருக்காது. தகராறெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

தொழில்முறைக் கூடைப்பந்து என்றால் என்பிஏ மட்டும் இல்லை. பெண்களுக்கு டபிள்யூஎன்பிஏ இருக்கிறது, ஐரோப்பாவில் யூரோலீக் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், மற்ற இரண்டும் 40 நிமிடம். சீசனின் நீளமும் வேறு. என்பிஏவில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், டபிள்யூஎன்பிஏவில் நெடுங்காலம் 34 தான். சியாட்டில் ஸ்டார்ம் அணியின் சூ பேர்ட் 3,234 அசிஸ்டுகளோடு (கூட்டாளி கூடை போட வழிசெய்த பாஸ்கள்) ஓய்வுபெற்றார். அந்த எண்ணை என்பிஏ எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதாகத் தெரியும். ஆனால் அவரிடம் 4 சாம்பியன்ஷிப்பும் 5 ஒலிம்பிக் தங்கமும் இருக்கின்றன. அவருக்கும், 2024 இல் முதல் சீசனிலேயே 337 அசிஸ்ட் கொடுத்த கெய்ட்லின் கிளார்க்குக்கும் தனி நோட்டு போடுங்கள். யூரோலீக்குக்கும் அப்படியே. லித்துவேனியாவின் சாருனாஸ் யாசிகேவிசியஸ் மூன்று வெவ்வேறு அணிகளோடு நான்கு முறை யூரோலீக் வென்றவர். என்பிஏவில் அவர் ஆடியது இரண்டே சீசன். என்பிஏ எண்களை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் யாரென்றே தெரியாமல் போகும்.

இனி இந்தக் கட்டுரை என்பிஏ பற்றி மட்டும்.

அடுத்த சிக்கல், பாயிண்ட் கார்ட் என்று யாரைச் சொல்வது? பந்தை மேலே கொண்டுபோய், ஆட்டத்தைத் தொடங்கிவைத்து, கூட்டாளிக்குச் சரியான இடத்தில் சரியான நேரத்தில் பந்தைக் கொடுப்பவர் என்பது பழைய விளக்கம். இப்போது அந்த எல்லை கலைந்துவிட்டது. 2019-20 சீசனில் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் சராசரி லெப்ரான் ஜேம்ஸுக்கு, ஆட்டத்துக்கு 10.2. அதற்காக அவரைப் பாயிண்ட் கார்டாக்கினால் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான், அப்புறம் பேச ஒன்றுமில்லை. நான் வைத்திருக்கும் விதி இது: ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதியில் அந்த இடத்தில் ஆடியிருக்க வேண்டும், அணியின் தாக்குதல் அவர் கையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இந்த விதிப்படி லெப்ரான், ஆலன் ஐவர்சன், ஜெர்ரி வெஸ்ட், ஜேம்ஸ் ஹார்டன் எல்லோரும் வெளியே. கரி உள்ளே. கரியின் வாரியர்ஸ் அணியில் பாதி நேரம் டிரேமண்ட் கிரீன்தானே பாஸ் கொடுக்கிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிரீனுக்கு அந்த இடைவெளி கிடைப்பதே, கரியை நோக்கி இரண்டு பேர் ஓடுவதால். தாக்குதல் கரியிடமிருந்துதான் தொடங்குகிறது, பந்து அவர் கையில் இல்லாதபோதும்.

உங்கள் விதி வேறாக இருக்கலாம். ஆனால் பெயர்களை எழுதும் முன்பே அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பெயரை எழுதிய பிறகு விதி எழுதினால், பிடித்தவருக்கு ஏற்ற மாதிரி விதியை வளைக்கத் தோன்றும்.

இரண்டாம் படி: எதற்கு எத்தனை மதிப்பெண்

‘சிறந்தவர்’ என்பதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. உச்சத்தில் இருந்தபோது எவ்வளவு உயரம்? எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தார்? சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் என்ன செய்தார்?

டெரிக் ரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 இல் 22 வயதில் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அந்த விருதை வாங்கியவர்களில் அவர்தான் மிக இளையவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. பழைய ரோஸ் திரும்பி வரவே இல்லை. உச்சத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் அவர் உள்ளே வருவார், நீளத்துக்கு என்றால் வர மாட்டார். எது சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் நோட்டில் எது செல்லும் என்பதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் பத்துக்குப் பிரிப்பது இப்படி: பிளேஆஃபுக்கு 4, உச்சத்துக்கு 3, நீளத்துக்கு 2, ஆட்டத்தையே மாற்றியவரா என்பதற்கு 1. கடைசி 1 எனக்கே கொஞ்சம் உறுத்தல். ஆனால் அதை எடுத்துவிட்டால் 1950களின் பாஸ்டன் ஆட்டக்காரர் பாப் கூசிக்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: வரவும் பற்றும்

வரவில் எழுத வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்: பாயிண்ட், அசிஸ்ட், ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), ஷூட்டிங் சதவீதம், விருதுகள். எல்லா எண்களும் பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொத்த எண்ணை எடுக்காமல் ஆட்டத்துக்குச் சராசரி, முடிந்தால் 36 நிமிடத்துக்குச் சராசரி எடுத்து எழுதுங்கள்.

மொத்த எண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. ஜான் ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்டைப் பாருங்கள். ஒருவர் ஆட்டத்துக்கு 10 அசிஸ்ட் வீதம், சீசனுக்கு 80 ஆட்டம் ஆடினால் ஆண்டுக்கு 800. ஸ்டாக்டனைத் தொட இருபது சீசன் ஆகும். இரண்டாம் இடத்தில் இருக்கும் கிறிஸ் பாலே மூவாயிரத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறார். ஸ்டீலிலும் 3,265 என்று ஸ்டாக்டன்தான் முதலிடம். 19 சீசன்களும் ஜாஸ் அணிக்கே ஆடினார். அவற்றில் 17 சீசன்களில் ஓர் ஆட்டம்கூட விடவில்லை. தரவரிசைக்காரர்கள் இதை ‘சலிப்பான சாதனை’ என்று தள்ளிவிடுகிறார்கள். காய்ச்சல் என்று இரண்டு நாள் பயிற்சிக்கு மட்டம் போடுகிற நமக்கு அதைச் சொல்ல வாய் வரக் கூடாது.

சரி, பற்றுப் பக்கம். முதலில் டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் தொலைத்த கணக்கு. பாயிண்ட் கார்டுக்கு இதுதான் உரைகல். கிறிஸ் பால் ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு மேல் அசிஸ்ட் கொடுத்து, இரண்டரைக்கும் குறைவாகத்தான் தொலைத்திருக்கிறார். அதாவது நான்கு கொடுத்தால் ஒன்று தொலைக்கிறார். மேஜிக் ஜான்சன் 11.2 கொடுத்து நாலுக்கு அருகில் தொலைத்தார். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இன்னும் குறைவாகக் கொடுத்து மேஜிக் அளவுக்குத் தொலைத்தார். டர்ன்ஓவர் அதிகம் என்பதே குற்றம் இல்லை. யாரும் பார்க்காத வழியில் பந்தை அனுப்புகிறவர் சில முறை தவறத்தான் செய்வார். ஆனால் அதை நோட்டில் எழுதாமல் விடக் கூடாது.

தடுப்பாட்டம் பற்றில் அடுத்தது. ஸ்டீல் எண்ணிக்கையை வைத்து இதை மதிப்பிடாதீர்கள். பந்தைத் தட்டிப் பறிக்கப் பாய்ந்து ஏமாந்துபோய், பின்னால் இருப்பவரை மாட்டிவிடும் ஆட்களும் ஸ்டீல் பட்டியலில் மேலே இருப்பார்கள். ஸ்டீவ் நாஷ் இரண்டு எம்விபி (2005, 2006) வாங்கியவர். ஆனால் எதிரணிகள் அவர் காக்கும் ஆளைத் தேடித் தேடித் தாக்கின. எதிர்முனையில் கேரி பேட்டன், 1996 இல் லீக்கின் சிறந்த தடுப்பாளர் விருது. பாயிண்ட் கார்டுகள் அந்த விருதை வாங்குவது அபூர்வம்.

இன்னொன்று, புதியவர்கள் அதிகம் கவனிக்காதது. லீக்கில் ஸ்டீலை எண்ணத் தொடங்கியது 1973-74 இல். ஆட்டக்காரர்களின் டர்ன்ஓவரை எண்ணத் தொடங்கியது 1977-78 இல். ஆகவே ஆஸ்கார் ராபர்ட்சனுக்கும் கூசிக்கும் பற்றுப் பக்கமே எழுதப்படவில்லை. வால்ட் ஃப்ரேசியரின் முதல் ஆறு சீசன் ஸ்டீல்களுக்குக் கணக்கே கிடையாது. பழைய ஆட்டக்காரரின் ஏட்டில் ஒரு பக்கம் வெற்றாக இருந்தால் அது பூஜ்யம் என்று அர்த்தமில்லை, எழுத ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

நான்காம் படி: அந்தக் காலத்து எண்ணை இந்தக் காலத்துக்கு மாற்றுவது

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் போட்ட பட்டியல் எதுவும் நிற்காது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1961-62 இல் சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்கு ஆடிய ராபர்ட்சனின் சராசரி 30.8 பாயிண்ட், 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். மூன்றும் இரட்டை இலக்கம் என்றால் டிரிபிள் டபுள். சீசன் முழுவதற்குமே டிரிபிள் டபுள் சராசரி என்பதை அதற்கப்புறம் 2016-17 இல் வெஸ்ட்புரூக் செய்யும் வரை யாரும் எட்டவில்லை. கேட்டதும் ராபர்ட்சன்தான் முதலிடம் என்று தோன்றும்.

இப்போது அந்தக் காலத்தைப் பாருங்கள். அன்றைக்கு ஓர் அணி ஆட்டத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஷாட் அடித்தது, இன்றைக்குத் தொண்ணூறை ஒட்டி. ஓட்டமும் வேகம், தவறிய ஷாட்டும் அதிகம். அதனால் ஓர் அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 70 ரீபவுண்ட் கிடைத்தது. இன்று 44 வாக்கில். 70 இல் 12.5 என்பது, 44 இல் ஏறத்தாழ 8. அதோடு ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றார், இன்றைய நட்சத்திரங்கள் 34, 35 நிமிடம்தான் ஆடுகிறார்கள். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தாலும், ஒரு கார்டுக்கு அது பெரிய எண்தான். ஆனால் மலை உயரத்திலிருந்து நம் கண் எட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

கழிப்பதோடு நிறுத்தக் கூடாது, கூட்டவும் வேண்டும். அந்தக் காலத்தில் அசிஸ்ட் எழுதுகிறவர்களுக்குக் கை இறுக்கம். பாஸ் வாங்கியவர் பந்தை இரண்டு முறை தட்டிவிட்டுப் போட்டால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். இன்றைக்குத் தாராளம். ஆகவே அவருடைய 11.4 அசிஸ்டை நான் குறைக்கவில்லை.

மூன்று பாயிண்ட் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80 இல், மேஜிக்கின் முதல் சீசன். அந்த ஆண்டு ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட வெளியிலிருந்து அடிக்கவில்லை. இப்போது முப்பத்தைந்துக்கும் மேல். மேஜிக் வெளியிலிருந்து அடிக்கவில்லை என்று குறைசொல்கிறவர்கள், அன்றைக்கு யாருமே அடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விதி மாற்றமும் உண்டு. 2004-05 இலிருந்து வெளிவட்டத்தில் கையை வைத்து ஆட்டக்காரரைத் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அதே சீசனில்தான் நாஷ் ஃபீனிக்ஸுக்குப் போனார். முந்தைய ஆண்டு 29 ஆட்டம் வென்ற அணி 62 ஆட்டம் வென்றது, அவர் எம்விபி ஆனார். காற்று அவர் பக்கம் வீசியது உண்மை. ஆனால் அதே காற்று எல்லா அணிக்கும்தான் வீசியது. பாய் விரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் படி: பிளேஆஃப்

சீசன் எண்ணையும் பிளேஆஃப் எண்ணையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஏறினாரா, இறங்கினாரா என்று பாருங்கள். அதற்கப்புறம் கூட்டாளிகள் யார் என்று பாருங்கள்.

ஐசயா தாமஸுக்காகத்தான் இந்தப் படியே. டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் அணித் தலைவர், உயரம் ஆறடி ஒரு அங்குலம். 1988 ஃபைனல்ஸ் (கோப்பைக்கான கடைசித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே ஒரே குவார்ட்டரில் 25 பாயிண்ட் போட்டார். ஃபைனல்ஸில் ஒரு குவார்ட்டருக்கு அதுதான் உச்சம். அந்த ஆட்டத்தில் ஒரே பாயிண்டில் தோற்றார்கள், தொடரும் போனது. மறு ஆண்டு மேஜிக்கின் லேக்கர்ஸை நாலுக்கு பூஜ்யம் என்று துடைத்தார்கள். அந்தத் தொடரில் மேஜிக்குக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டதையும் எழுதிவையுங்கள், நேர்மை வேண்டும். 1990 இல் மறுபடி கோப்பை, ஃபைனல்ஸில் சராசரி 27.6 பாயிண்ட், ஃபைனல்ஸ் எம்விபி. பற்றில் 1987: பாஸ்டனுக்கு எதிராக ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்தை லாரி பேர்ட் பறித்தார். தொடரே அங்கே திரும்பியது.

பழி சொல்லவே முடியாத பற்றும் உண்டு. 2018 இல் ஹூஸ்டன் அணி வாரியர்ஸை மூன்றுக்கு இரண்டு என்று முந்தியிருந்தபோது, கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசை கிழிந்தது. கடைசி இரண்டு ஆட்டம் அவர் ஆடவில்லை, இரண்டிலும் அணி தோற்றது. அவருக்கு இன்றுவரை சாம்பியன்ஷிப் இல்லை. இதற்குப் பாதி மதிப்பெண் குறைப்பதா, முழுதாகக் குறைப்பதா? நான் பாதி.

கோப்பை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற பழக்கம் வேண்டாம். கூசியிடம் 6 சாம்பியன்ஷிப் இருக்கிறது. அவற்றில் எதையும் அவர் கூட்டாளி பில் ரஸ்ஸல் இல்லாமல் வெல்லவில்லை.

ஆறாம் படி: ஆட்டத்தைப் பார்ப்பது

எண் பாதிதான். மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை ஆட்டங்கள் நமக்குக் காலை ஆறு மணி வாக்கில் தொடங்கும். பல்லவன் ரயிலுக்கு ஆள் கொண்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். மேற்குக் கரை ஆட்டங்கள் எட்டரை, ஒன்பது மணிக்கு, காலேஜ் நாளில் அது ஆகாது. “விடிஞ்சும் விடியாம என்னடா பந்து, வளவுல தண்ணி தெளிக்கணும், தள்ளி உக்காரு” என்று வீட்டில் அப்பத்தா அதட்டினால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனை இல்லாமல் பார்ப்பது ஒரு வகையில் நல்லதே. வர்ணனையாளருக்குப் பிடித்தவர்தான் நமக்கும் பெரிய ஆளாகத் தெரிவார்.

பந்தைப் பார்க்காதீர்கள் என்று எங்கள் பி.டி. சார் சொல்வார். பந்து எப்படியும் கண்ணில் படும். பாயிண்ட் கார்ட் பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரும்போது ஷாட் கிளாக்கில் (ஷாட் அடிக்க அனுமதித்த 24 நொடிக் கணக்கு) எத்தனை நொடி மிச்சம் என்று பாருங்கள். கூட்டாளி தப்பான இடத்தில் நின்றால் கை காட்டி நகர்த்துகிறாரா? பிக் அண்ட் ரோலில், ஸ்கிரீன் போட, அதாவது தடுப்பாளரின் வழியை மறிக்க வருகிறவர் வந்து சேரும் முன்பே எதிரணியின் உயரமான ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டாரா? பாஸ் கூட்டாளியின் நெஞ்சுக்கு நேராக வருகிறதா, குனிந்து எடுக்க வேண்டியிருக்கிறதா? கடைசி இரண்டு நிமிடம் யார் கையில் பந்து?

அசிஸ்டாக மாறாத நல்ல பாஸையும் எண்ணுங்கள். அவர் கொடுத்து, வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் போட்டால் முதல் ஆளுக்கு அசிஸ்ட் கிடையாது. நல்ல பாஸை வாங்கியவர் தவறவிட்டாலும் கிடையாது. 2013-14 இலிருந்து எல்லா அரங்குகளிலும் கேமரா வைத்து இவற்றையும் எண்ணுகிறார்கள். அதற்கு முந்தைய ஆட்டக்காரருக்கு நம் கண்தான் கேமரா. பழைய ஃபைனல்ஸ் ஆட்டங்கள் முழுதாகவே யூடியூபில் கிடைக்கும். தொகுப்புக் காட்சிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து நிமிடத் தொகுப்பில் எல்லோரும் மேஜிக் ஜான்சன்தான்.

1980 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். லேக்கர்ஸின் உயரமான நடு ஆட்டக்காரர் கரீம் அப்துல் ஜபார் காயத்தால் வரவில்லை. இருபது வயதுப் புதுப் பையனான மேஜிக், ஆட்டம் தொடங்கும் ஜம்ப் பாலுக்குக் கரீம் இடத்தில் நின்றார். 42 பாயிண்ட், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், கோப்பை.

ஏழாம் படி: அடுக்கு, அப்புறம் வரிசை

ஒன்று முதல் பத்து வரை நேராக எழுதத் தொடங்கினால் மூன்றாம் இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். முதலில் அடுக்கு பிரியுங்கள். ஒரே அடுக்கில் இருப்பவர்களை மட்டும் இரண்டிரண்டு பேராக மோதவிடுங்கள்.

என் முதல் அடுக்கில் இருவர். மேஜிக்: 5 சாம்பியன்ஷிப், 3 எம்விபி, 3 ஃபைனல்ஸ் எம்விபி, முதல் 12 சீசனில் 9 ஃபைனல்ஸ். எச்ஐவி காரணமாக 1991 நவம்பரில் விலகியதால் நீளத்தில் குறை. பற்றில் 1984 ஃபைனல்ஸ், கடைசி நேரத் தடுமாற்றங்களால் பாஸ்டனிடம் போனது. கரி: 4 சாம்பியன்ஷிப், 2 எம்விபி. 2016 இல் வாங்கியது ஒரு வாக்குகூடச் சிதறாமல், அப்படி வாங்கிய முதல் ஆள். அந்த சீசனில் 402 மூன்று பாயிண்ட். பற்றில் அதே ஆண்டு ஃபைனல்ஸ், மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்து தோற்றது. கெவின் டுராண்ட் இருந்த 2017, 2018 கோப்பைகளைச் சிலர் தள்ளுபடி செய்வார்கள். அதற்குத்தான் டுராண்ட் இல்லாத 2022 இருக்கிறது. பாஸ்டனில் நாலாவது ஆட்டத்தில் 43 பாயிண்ட் போட்டு, ஃபைனல்ஸ் எம்விபியும் வாங்கினார். ஆட்டத்தை மாற்றியவர் என்ற 1 மதிப்பெண் முழுதாகக் கரிக்கு. ஆனால் பிளேஆஃபுக்கான 4 இல் மேஜிக் முந்துகிறார். என் நோட்டில் மேஜிக் ஒன்று, கரி இரண்டு. நீளத்துக்கு நீங்கள் 3 கொடுத்தால் இது தலைகீழாகும், அதிலும் தப்பில்லை.

இரண்டாம் அடுக்கு: ராபர்ட்சன், தாமஸ், பால், ஸ்டாக்டன். இங்கேதான் டீக்கடையில் சத்தம் கூடும்.

“என்னண்ணே, பதினஞ்சாயிரம் அசிஸ்ட் போட்டவர ஆறாவது இடத்துல வச்சிருக்கீங்க?”

“ஃபைனல்ஸ் ரெண்டு தடவ போனாருப்பா, ரெண்டும் தோல்வி.”

“அது ஜோர்டன் அண்ணே. ஜோர்டன்கிட்ட யாரு ஜெயிச்சா?”

“ஐசயா ஜெயிச்சாரே. மூணு வருஷம் வரிசையா.”

1988, 1989, 1990 பிளேஆஃப்களில் பிஸ்டன்ஸ் ஜோர்டனின் புல்ஸை வீட்டுக்கு அனுப்பியது. ஜோர்டன் அப்போது இன்னும் உச்சிக்கு வரவில்லை, டெட்ராய்ட்டில் ஜோ டூமார்ஸ், டென்னிஸ் ராட்மன், பில் லேம்பியர் என்று முரட்டுத் தடுப்பு இருந்தது என்பதெல்லாம் சரிதான். ஸ்டாக்டனுக்கும் பக்கத்தில் கார்ல் மலோன் இருந்தார். தாமஸை ஸ்டாக்டனுக்கு மேலே வைக்க எனக்கு அந்த 1990 தொடர் போதும். பாலை ஸ்டாக்டனுக்கு மேலே வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். ஆட்டம் இழுபறியில் இருக்கும்போது பந்தைத் தானே எடுத்துப் போடும் சாமர்த்தியம் பாலிடம் அதிகம். ராபர்ட்சன் இந்த அடுக்கின் தலையில். 1971 இல் மில்வாக்கியில் கரீமோடு சேர்ந்துதான் கோப்பை கிடைத்தது, ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகள் சின்சினாட்டியில் அவர் தனியாகச் சுமந்தார்.

மூன்றாம் அடுக்கில் நாஷ், ஜேசன் கிட், ஃப்ரேசியர், பேட்டன். கிட் போன முதல் சீசனிலேயே நெட்ஸ் 26 வெற்றியிலிருந்து 52க்கு ஏறி ஃபைனல்ஸ் போனது. 38 வயதில் டல்லாஸோடு 2011 கோப்பையும் வாங்கினார். ஃப்ரேசியரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1970 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம் என்றால் வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டு வந்ததைத்தான் பேசுவார்கள். அன்று 36 பாயிண்டும் 19 அசிஸ்டும் ஃப்ரேசியருடையது.

கூசிக்குத் தனிக் கட்டம். ஷாட் கிளாக் வருவதற்கு முன்பே ஆடத் தொடங்கியவர், எட்டு சீசன் தொடர்ந்து அசிஸ்டில் முதலிடம். அவரை இன்றைய ஆட்களோடு மோதவிட முடியாது, விட்டுவிடவும் முடியாது. வெஸ்ட்புரூக் நான்கு சீசன் டிரிபிள் டபுள் சராசரி வைத்தவர், 2017 எம்விபி. ஆனாலும் பற்றுப் பக்கம் கனமாக இருப்பதால் மூன்றாம் அடுக்கின் வாசலில் நிற்கிறார். இதற்காக என்னோடு பேசாமல் இருப்பவர்கள் உண்டு.

எட்டாம் படி: இன்னும் ஆடுகிறவர்கள்

அவர்கள் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். பக்கத்தின் தலையில் தேதி போடுங்கள். ஜூனில் ஃபைனல்ஸ் முடிந்த பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திருத்துங்கள். ஒருவர் நவம்பரில் 50 பாயிண்ட் போட்டார் என்று மறுநாளே நோட்டைத் திறக்க வேண்டாம்.

ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் 2024-25 இல் ஆட்டத்துக்கு 32.7 பாயிண்டோடு லீக்கில் முதலிடம், எம்விபி, ஓக்லஹோமா சிட்டியோடு சாம்பியன்ஷிப், ஃபைனல்ஸ் எம்விபி. நான்கும் ஒரே சீசனில். உச்சத்துக்கான 3 மதிப்பெண்ணை அவருக்கு இப்போதே முழுதாகக் கொடுத்துவிடலாம், நீளத்துக்கு இன்னும் ஆண்டுகள் வேண்டும். லூகா டான்சிச்சை முதல் படியிலேயே நிறுத்தி, அவர் பாயிண்ட் கார்டா இல்லையா என்று உங்கள் விதியைக் கேளுங்கள். என் விதிப்படி இருவரும் உள்ளே வருகிறார்கள். இப்போதைக்கு ஷாய் மூன்றாம் அடுக்கில், லூகா அவருக்கு ஒரு வரி கீழே.